எந்த உச்சிமாகாளி?

திருவனந்தபுரத்தில் எவன் எவனை வெட்டினாலும் தாணுமாலையனுக்குத்தான் முதலில் ஆள் வரும். போலீசுக்குச் சொல்வதெல்லாம் அப்புறம். அறுபதுகளில் அவர் ‘தென்முனை’ என்ற தமிழ் நாளிதழுக்குத் திருவனந்தபுரம் நிருபராக இருந்தார். சாலைக் கடைத்தெருவில் ஒரு வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் ஆபீஸ். சாயங்காலம் செய்திக் கவரை நாகர்கோவில் பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார். அங்கே அச்சடித்த பேப்பர் விடியும்போது அதே ரோட்டில் திரும்பி வரும். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சண்டையில் குடல் சரிந்தவன், தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தவன், தடியடியில் மண்டை பிளந்த மாணவன் எல்லாரும் அந்தக் கவருக்குள் போவார்கள். பிணவறைக் காவல்காரர் அவரைக் கண்டால் பீடி நீட்டுகிற அளவுக்குப் பழக்கம்.

அவருடைய செய்தியில் ஒரு விசேஷம் உண்டு. செத்தவன் கூலியாளாக இருந்தாலும் முழுப்பெயர் போட்டு, முன்னால் ‘திரு’ வைப்பார். அதற்குக் காரணம் அவருடைய அப்பா. சுசீந்திரம் பக்கத்து ஊர் ஒன்றில், அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். ஊரில் எல்லாரும் அவரைத் ‘தவிடு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் மில் பெல்ட் அவருடைய வேட்டியைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. எடுத்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை. மறுநாள் ஏதோ ஒரு பேப்பரில், ‘தவிடு என்ற கூலியாள் மாண்டான்’ என்று வந்தது. தாணுமாலையன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ஆறுமுகசாமி என்று ஒரு பெயர் அப்பாவுக்கு இருந்தது. அதை ஒருத்தனும் கேட்கவில்லையே என்ற கொதிப்பு அவருக்குக் கடைசிவரைக்கும் அடங்கவில்லை. அந்தக் கொதிப்பில்தான் படித்தார், எம்.ஏ. வாங்கினார், பேனா பிடித்தார்.

அந்த மரியாதையே ஒரு மனுஷனுடைய கையை வாங்கியது என்பதுதான் இந்தக் கதை.

போனக்காட்டுக்கு மேலே மலையில் ஒரு சின்ன தேயிலை எஸ்டேட். பிற்பாடு தாணுமாலையனிடம் படித்த நான் பிறந்தது அங்கே, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில்தான். அந்த லயத்திலிருந்து எம்.ஏ. வரைக்கும் ஏறிவந்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் சனம் திருநெல்வேலிச் சீமையில் அடுத்தடுத்த ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்த சனம். எல்லாருக்கும் குலசாமி ஒன்று. வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளைக்குச் சாமி பெயரை வைத்தே ஆகவேண்டும். அதனால் லயத்துக்கு ஒரு உச்சிமாகாளி இருப்பார். சில லயத்தில் இரண்டு. பட்டப்பெயர் இல்லாமல் கூப்பிட்டால் யார் திரும்புவது? பீடி உச்சி, கோணவாய் உச்சி, சட்டித்தலை உச்சி என்றுதான் பொண்டாட்டிமாரும் சொல்லுவார்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தாணுமாலையனுக்குப் பட்டப்பெயர் என்றால் இழிவு. எங்களுக்கு அது விலாசம்.

அறுபத்தொன்பதில் போனஸ் தகராறு முற்றியது. யூனியன் செயலாளர் வேலப்பன் கொழுந்து பறிப்பதை நிறுத்தச் சொன்னார். ஒரு காலையில் கீழேயிருந்து லாரியில் ஆட்கள் வந்தார்கள். கையில் சைக்கிள் செயினும் கம்பும். தலைமைக் கங்காணி பூதலிங்கம் முன்னால் இறங்கினான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்ற கூட்டம் சிதறி ஓடியது. வேலப்பன் மட்டும் ஓடவில்லை. பூதலிங்கம் தராசின் இரும்புத் தண்டைக் கழற்றி ஓங்கி ஒன்று கொடுத்தான். வேலப்பன் விழுந்து, தராசு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். காலைப் பிடித்து வெளியே இழுத்து, முகம் அடையாளம் இல்லாமல் போகிற வரைக்கும் அடித்தான். அதற்கப்புறம், தான் அன்று காலையில் இருந்தே விதுரையில் ஒரு ஹோட்டலில் இருந்ததாகச் சொல்ல ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டான்.

பார்த்த ஆள் ஒருத்தர்தான் மிச்சம். கொழுந்துச் சாக்குகளுக்குப் பின்னால் படுத்துக்கிடந்த கோணவாய் உச்சி. மறுநாள் விதுரையிலிருந்து நடந்தே மலையேறி வந்த தாணுமாலையனிடம் அவர் சொன்னார்.

“முதல் அடிக்கே வேலப்பனுக்குச் சத்தம் நின்னுட்டு அண்ணாச்சி. அவன் விடல. நாயை அடிக்க மாதிரி அடிச்சிக்கிட்டே கெடந்தான்.”

“கோர்ட்டுல சொல்லுவீரா?”

“சொல்லுவேன். பேப்பர்ல எம்பேரைப் போடும். கோணவாய் உச்சின்னு போட்டாத்தான் நாந்தான்னு தெரியும்.”

“அப்பிடிப் போடமாட்டேன்வே. ஒரு மனுசனைக் கோணவாய்னு அச்சடிக்கதா? திரு. உச்சிமாகாளின்னு வரும்.”

“திருவா?” கோணல் வாய் இன்னும் கோணிச் சிரித்தது. “எம்பொண்டாட்டி நம்பவே மாட்டா.”

நாகர்கோவிலில் ஆசிரியர் ராமசுப்ரமணியன் அந்தச் செய்தியில் ஒரு எழுத்தை மாற்றவில்லை. ‘கொலையை நேரில் கண்ட தொழிலாளி திரு. உச்சிமாகாளி நமது நிருபரிடம் கூறியதாவது’ என்று முதல் பக்கத்தில் வந்தது. எந்த உச்சிமாகாளி என்று யாராவது கேட்பார்களே என்று அவருக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே யூனியன்காரர்கள் கோணவாய் உச்சியை மலையிலிருந்து இறக்கி நகரத்தில் எங்கோ ஒளித்துவிட்டார்கள். அடிதடிக்குப் பயந்து லயத்தில் பலபேர் ஏற்கெனவே இறங்கிப் போயிருந்ததால், அவர் போனது யார் கண்ணிலும் படவில்லை.

பூதலிங்கம் அப்போது லாக்கப்பில் இருந்தான்; அவன் கொண்டுவந்த வெளியூர் ஆட்களுக்கு லயத்தைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பேப்பரில் இருந்த பெயர் ஒன்றுதான். கல்லாற்றில் ஆற்றோரம் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பெயர் கேட்டார்கள். பீடி உச்சி உப்பு, புளி வாங்க வந்திருந்தார். வேலப்பன் செத்த அன்றைக்கு இவர் காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர், ஒன்றையும் பார்க்காதவர்.

“பேரென்னடா?”

வெளியாளிடம் பட்டப்பெயரைச் சொல்ல முடியுமா? “உச்சிமாகாளிங்க,” என்றார்.

கடை பெஞ்சிலேயே வலது கையை இழுத்துப் பிடித்து வைத்தார்கள். தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுகிற கத்தி அது. விரல் தடிமன் கொம்பை ஒரே வீச்சில் அறுக்கும். மணிக்கட்டுக்கு மூன்று வீச்சு ஆனது. கையை எடுத்து ஆற்றில் எறிந்தார்கள். கடைக்காரர் பால் வடிகட்டுகிற துணியைச் சுற்றிக் கட்டி, வந்த ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். ஜீப்பில் நினைவு தப்பும் வரைக்கும் பீடி உச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “நான் என்னய்யா பண்ணினேன்?”

தாணுமாலையன் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியபோது, வார்டு வாசலில் பீடி உச்சியின் மனைவி வடிவம்மாள் நின்றிருந்தாள். இவர் இன்னார் என்று தெரிந்ததும், கையிலிருந்த தூக்குவாளியால் முகத்தில் ஓங்கி அறைந்தாள். வாளியின் விளிம்பு பட்டு நெற்றி பிளந்தது. சுடுகஞ்சி அவருடைய சட்டை முழுவதும் வழிந்தது. நர்சுகள் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை.

“எந்த உச்சின்னு பட்டப்பேரோட போட்டிருந்தா எம்மாப்பிள்ளைக்குக் கை இருந்திருக்குமே. திரு போட உம்மை எவன்வே கேட்டான்? எங்களுக்கு மரியாதை குடுக்க நீரு யாரு?”

 அவர் நெற்றி இரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து ஒரே ஒரு காரியம்தான் அவருக்கு முன்னால் நின்றது. பூதலிங்கத்தின் ஆட்கள் லயத்தில் விசாரித்து, வெட்டினது ஆள் மாறி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அசல் ஆள் எந்த உச்சி என்று தெரிந்தவர்கள் யூனியனில் ஒன்றிரண்டு பேர். வெளியே தாணுமாலையன் மட்டும். அவர் வாயிலிருந்து ‘கோணவாய்’ என்ற சொல் விழுந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே பிணம்.

அதைக் கேட்க அவர்கள் பட்டப்பகலில் சாலைக்கே வந்தார்கள். மாடியிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து இறக்கி, வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே போட்டு மிதித்தார்கள்.

“சொல்லுடா பேப்பர்காரா. எந்த உச்சி?”

“உச்சிமாகாளி.”

சைக்கிள் செயின் இறங்கியது. “அதுதான் லயம் பூரா கெடக்கே. எந்த உச்சிடா?”

“பேப்பர்ல போட்டாச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

காதோடு சேர்த்து ஒரு கட்டையால் அடித்தார்கள். அதோடு இடது காது கேட்காமல் போயிற்று. கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது. கடைசியில் எதிர்க்கடைச் சுமட்டுக்காரர்கள் மூட்டைக் கொக்கிகளோடு வந்து விழுந்த பிறகுதான் அவர்கள் போனார்கள். அடிக்க வந்தவர்களில் ஒருவனுக்குக் கொக்கி கன்னத்தில் ஏறியது என்று மறுநாள் ‘தென்முனை’யில் செய்தி வந்தது. எழுதியது அவரேதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே.

பக்கத்து வார்டில் பீடி உச்சி. கேஸ் கோர்ட்டுக்கு வரப்போகிறது, சாட்சி இல்லை. ஆற்றில் போன கையைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து கோணவாய் உச்சி கோர்ட் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. எவர் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டேன் என்று யூனியன்காரர்களின் காலைப் பிடித்து அழுதாராம். பூதலிங்கம் சிரித்துக்கொண்டே ஜாமீனில் திரிந்தான்.

ஒரு நாள் மொட்டைக் கையில் கட்டோடு பீடி உச்சி இவருடைய கட்டிலுக்கு நடந்து வந்து உட்கார்ந்தார்.

“நான்தான் பாத்தேன்னு சொல்லிருதேன்.”

“நீரு பாக்கலியேவே.”

“பாத்தவனுக்கு வெட்டு இல்ல. வெட்டு வாங்கினவன் பாத்தேன்னு சொன்னா என்ன தப்பு? கை போனது போனதுதான். அவன் கையும் போணுமா?” இடது கையால் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து நீட்டினார்: “ஒரு பீடி பத்த வச்சுக் குடும். ஒத்தக் கையில தீக்குச்சி உரசத் தெரியல.”

தாணுமாலையன் பற்றவைத்துக் கொடுத்தார்.

இதை எழுதுகிற இப்போது பூதலிங்கம் உயிரோடு இல்லை. கோணவாய் உச்சி அவனுக்கு முன்னாலேயே போய்விட்டார். தாணுமாலையன் சாரும் போன வருஷம் காலமானார். பீடி உச்சியும் வடிவம்மாளும் “எழுதுடே, இனி யாரு வெட்ட வாரா” என்று சொன்ன பிறகுதான் இந்தப் பெயர்களை எழுதுகிறேன்.

கேஸ் வஞ்சியூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தபோது, முதலில் தாணுமாலையனைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சேஷன் ரொம்பப் பதமாகக் கேட்டார்:

“மிஸ்டர் தாணுமாலையன், நீங்கள் எழுதின உச்சிமாகாளி, அதோ நிற்கிறாரே, அவர்தானா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். சத்தியப்பிரமாணம் செய்திருக்கிறீர்கள்.”

இல்லை என்றால் பூதலிங்கம் வீட்டுக்குப் போவான். கோணவாய் உச்சியைத் தேடத் தொடங்குவான். ஆமாம் என்றால் பொய். செத்தவன் சட்டையின் நிறத்தைக்கூட இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிற மனுஷன் அவர்.

“ஆமா. இவர்தான்.”

“சந்தேகமே இல்லையா?”

“இல்லை.”

அடுத்துப் பீடி உச்சி ஏறினார். அவருக்குத் தெரிந்தது பேப்பரில் வந்த அளவுதான். பார்த்தவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. பார்த்தவருடைய பாதுகாப்புக்காகத் தாணுமாலையன் அதைச் செய்தியில் விட்டிருந்தார்; பொய்ச்சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. சேஷன் அந்த இடத்தில் போய்க் கைவைத்தார்.

“நீர் எங்கே ஒளிந்திருந்தீர்?”

பீடி உச்சி திகைத்தார். கொட்டகையில் ஒளிய என்ன இருக்கிறது என்று யோசித்துக் கையில் அகப்பட்டதைச் சொன்னார். “தராசு மேசைக்கு அடியில சாமி.”

குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்திருந்த பூதலிங்கம் துள்ளி எழுந்தான். “பொய். மேசைக்கு அடியில எவனும் கெடயாது.”

 சேஷன் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். நீதிபதி நிதானமாகக் கேட்டார்:

“அது உமக்கு எப்படித் தெரியும்? நீர்தான் விதுரையில் இருந்தீரே.”

பூதலிங்கம் சேஷனைப் பார்த்தான். வேலப்பனின் காலைப் பிடித்து அந்த மேசைக்கு அடியிலிருந்து இழுத்தவன் அவன். அங்கே வேறு ஆள் இல்லை என்று அவனுக்குத்தான் தெரியும். தெரியும் என்று அவன் மட்டும் சொல்ல முடியாது. ஆயுள் தண்டனை விழுந்தது. வெளியே கொண்டு வரும்போது போலீஸ்காரன் பிடியை உதறி, தாணுமாலையன் மேல் பாய்ந்து விலங்குக் கையாலேயே முகத்தில் குத்தினான். இரண்டு பல் உதிர்ந்தது. “எவன்டா அது, எவன்டா அது” என்று கத்திக்கொண்டே போனான்.

மறு வாரம் தாணுமாலையன் நாகர்கோவிலுக்குப் போய் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். ராமசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன ஓய் பைத்தியக்காரத்தனம்? கேஸ் ஜெயிச்சாச்சு. உம்மளை ஊரே கொண்டாடறது.”

“நான் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லிட்டேன் சார். இனி நான் எழுதுகதை எவன் நம்பினாலும் தப்பு.”

“யாருக்கு ஓய் தெரியப்போறது?”

“எனக்குத் தெரியும்லா சார்.”

அப்படித்தான் அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கழக்கூட்டம் பக்கம் முந்திரிக் காடாய்க் கிடந்த மேட்டில் அப்போதுதான் துறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. தமிழ்த் துறையில் விரிவுரையாளர். வெட்டுப்பட்டுச் செத்து, பிறகு ஊருக்குத் தெய்வமாகி நிற்கிறவர்களின் வில்லுப்பாட்டுக் கதைகளைச் சேகரித்து டாக்டர் பட்டம் வாங்கினார். எதைக் கொடுத்தாலும் பாடம் எடுப்பார். இதழியல் மட்டும் மாட்டார். எழுபதுகளில் மாணவர் சங்கங்கள் ஒன்றையொன்று கத்தியோடு துரத்திய காலத்தில், வராந்தாவில் செயின் சுழல்கிற இடத்துக்குள் நேராக நடந்து போய் நடுவில் நிற்பார். “சாரே, மாறிக்கோ, அடி கிட்டும்,” என்று மலையாளத்தில் விலகச் சொல்லுவான் ஒருவன். “இந்தப் பக்கம் காது கேட்காது, அந்தப் பக்கம் வந்து சொல்லு,” என்பார். ஒன்றிரண்டு அடி அவருக்கும் விழும். மறுநாள் அதே பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொல்லுவார்.

கோணவாய் உச்சி கழக்கூட்டத்தில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். வாயை மறைத்து எப்போதும் துண்டு கட்டியிருப்பார். வளாகத்தில் கட்டடம் எழும்பும்போது இரண்டு பேரும் ஒரே வழியில் எத்தனையோ தரம் எதிரெதிரே கடந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எண்பத்து நான்கில் பூதலிங்கம் விடுதலையானான். ஒரு மத்தியானம் துறைக்கே வந்தான். குமாஸ்தா ஓமனா, யாரோ மாணவனுடைய அப்பா என்று நினைத்து உள்ளே விட்டிருக்கிறாள். நரைத்து ஒடுங்கிப் போயிருந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

“பதினாலு வருசம் அந்த மேசையைப் பத்தியே நெனச்சேன். அந்த மொண்டிக்கையன் அங்க இல்ல. எனக்குத் தெரியும்.”

“அப்போ நீரு அங்க இருந்தீரு.”

“இருந்தேன். கொன்னேன். அதுக்கு இருக்க வேண்டியதையும் இருந்தாச்சு. இப்போ சொல்லும். எந்த உச்சி?”

“வீட்டுக்குப் போவும் பூதலிங்கம். வயசாயிட்டு.”

“அவனைத் தெரியாம எனக்குச் சாவு வராது.”

“அப்போ ரொம்ப நாள் இரும்.”

வேட்டி மடிப்பிலிருந்து கத்தி வந்தது. முதல் வெட்டு தோளில். தடுத்த இடது முழங்கையில் இரண்டாவது. எலும்பில் பட்டுக் கத்தி மாட்டிக்கொண்டது. அவன் அதை ஆட்டிப் பிடுங்கப் பிடுங்க, ஒவ்வொரு ஆட்டுக்கும் “எந்த உச்சி, எந்த உச்சி” என்று கேட்டான். ஓமனா டைப்ரைட்டரைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். அவன் கத்தியை விட்டுவிட்டு, முந்திரிக் காட்டுக்குள் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டான். மேசை, புத்தகம், சுவர் எல்லாம் இரத்தம். வகுப்பிலிருந்து ஓடிவந்த நாங்கள்தான் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் கை தைத்து முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். “ஆரா வெட்டியது சாரே? ஆளை அறியாமோ?”

ஓமனா வாயைத் திறந்தாள். தாணுமாலையன் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“அறிஞ்சுகூடா,” என்று தெரியாத மாதிரித் தலையாட்டினார். “ஏதோ புத்தி சரியில்லாத ஆளு.”

போலீஸ் போனதும் ஓமனா அழுதுவிட்டாள். “பேரு தெரிஞ்சிட்டும் எந்துக்கு சார் சொல்லல? நான் கேட்டேனே அவன் பேரை.”

“பேரைச் சொன்னா கேஸ் வரும் ஓமனா. எதுக்கு வெட்டினான்னு கேப்பாங்க. அவன் அந்த மேசையைப் பத்திச் சொல்லுவான். அப்புறம் ஒவ்வொரு உச்சியாக் கூப்பிட்டு நிறுத்துவாங்க.”

அப்போதுதான் வார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். சிமெண்ட் படிந்த கால். வாயில் துண்டு. கையில் ஒரு சீப்புப் பழம். யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது; சின்ன வயதில் லயத்தில் பார்த்த முகம். கட்டிலை நெருங்கி வந்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். துண்டை அவிழ்த்தார். 

“அண்ணாச்சி, எனக்காவ எத்தனை பேருக்குக் கை போகணும்? நானே போயி அவன்கிட்ட நிக்கேன். முடிஞ்சிரும்.”

வார்டு முழுக்க ஆட்கள். ஜன்னலுக்கு வெளியே சாயாக்கடைக் கூட்டம். பூதலிங்கம் எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான் என்று யாருக்குத் தெரியும். தாணுமாலையன் சார் நல்ல கையை ஊன்றி எழுந்து, அந்தப் பழத்தைத் தட்டி எறிந்தார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“யார்யா நீ? உன்னை எனக்குத் தெரியாது. கட்டில் தெரியாம வந்து அழுதுட்டு நிக்கான். இவனை வெளியே தள்ளுங்கடே.”

நானும் இன்னொருத்தனும் கோணவாய் உச்சியின் தோளைப் பிடித்து, துண்டை வாயில் இழுத்துக் கட்டி, வாசலுக்குக் கொண்டு போனோம். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் அவரைக் கொஞ்சம் பலமாகவே தள்ளினேன். பஸ் நிறுத்தக் கூட்டத்தில் அவர் தலை மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் “போயாச்சு சார்,” என்றேன்.

அவர் வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கேட்காத இடது காது மேலே இருந்தது. சுற்றி வந்து, குனிந்து, இன்னொரு தரம் சொன்னேன்.